இருபத்திரண்டாவது நிமிஷம்

சென்னிமலை ரோட்டோரம் காலேஜ் மைதானம்.
வெள்ளிக்கிழமை பட்டமளிப்பு; இன்று புதன்.
பாலக்காட்டுக் கணவாயில் புறப்பட்ட ஆனிக்காற்று
வழியில் வேறு வேலை இல்லாமல்
என் டூல்ஸ் பெட்டியில் மண்ணைக் கொட்டுகிறது.

ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி.
பதினேழு குதிரைச் சக்தி என்று ஒட்டியிருக்கிறது.
எத்தனை குதிரை மிச்சம் என்று பார்க்கத்தான்
விஜயமங்கலத்திலிருந்து என்னை வரச்சொன்னார்கள்.

"எடுத்ததும் ஜம்முனு போகுமுங்க" என்றாள்
ஓட்டுகிற சாமியாத்தாள்.
"நாலு சுத்து. அஞ்சாவதுல அந்த வேம்புகிட்ட
மூச்சு வாங்கும், நின்னுக்கும்.
காமணி நேரம் உட்டா மறுக்கா எடுக்கும்.
ரெண்டு மாசமா இதே கூத்துங்க."

மணி பார்த்தேன்.
இருபத்திரண்டாவது நிமிஷம்
மஞ்சள் மூட்டை லாரி மேடேறுவதுபோல் முனகி
வேம்பின் நிழலைத் தொடாமல் நின்றது.

ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன்:
அரைப்படி புழுதி, ஒரு செத்த தும்பி.
பிளக் கரியாக இருந்தது, மாற்றினேன்;
பொறி நீலமாகத் தெறித்தது.
கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழுவினேன்.
வண்டியைச் சாய்த்து, கத்திக்கு மேலே
அடையாய்ப் படிந்த புல்லைச் சுரண்டினேன்:
ஒரு பேனா மூடி, யாரோ எழுதாமல் போன
பரீட்சையின் ஹால் டிக்கெட், கால்வாசி.

ஒவ்வொன்றுக்கும் பிறகு ஓட்டச் சொன்னேன்.
ஒவ்வொரு முறையும் வேம்பு.

மேனேஜர் அவிநாசியப்பன் வந்தார்.
"புதுசு வாங்கிக்கலாமுங்களா?"
கேள்வி எனக்கா, கையிலிருந்த ஃபோனுக்கா தெரியவில்லை.
"காயிலுங்க" என்றேன். "சூடானா உட்டுரும்.
கோயமுத்தூர்ல சொல்லிவெக்கோணும், எட்டாயிரம் ஆகும்."
தெரியாதபோது காயில் என்பது
எங்கள் தொழிலில் ஒரு வழக்கம்.

சோத்துப் போசியை மூடிக்கொண்டே சாமியாத்தாள்,
"ஏனுங்க, நிக்கறப்பெல்லாம்
பெட்ரோல் இருக்குதான்னு மூடியத் தெறப்பனுங்க.
கோலி சோடா ஒடைக்கறாப்ல உஸ்ஸுங்குது.
அதெதுனாச்சும் கணக்குங்களா?"

இதை ஏன் முதலிலேயே—

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

பிளக்கைக் கேட்டேன். ஃபில்டரைக் கேட்டேன்.
இரண்டு மாதமாய் அதன் முதுகில் இருப்பவளைக்
கேட்கவில்லை.

மூடியைக் கழற்றித் திருப்பினேன்.
நடுவில் ஓர் ஊசித்துளை இருக்கவேண்டும்.
பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக்
காற்று உள்ளே வரும் வழி அதுதான்.
வழியில்லாவிட்டால் டேங்க் தன்னையே உறிஞ்சிக்கொண்டு
ஒரு சொட்டையும் கீழே விடாது.
துளை மேல் சாம்பல் நிறத்தில் எம்-சீல்.
எம்-சீலில் ஒரு கட்டைவிரல் ரேகை.

டேங்கில் மழைத்தண்ணீர் இறங்குகிறது என்று
சித்திரையில் இதே வண்டிக்கு வந்திருந்தேன்.
ரொம்பச் சுத்தமாக அடைத்துவிட்டுப் போனேன்.
பில்லில் தனி வரி:
எம்-சீல், முப்பது ரூபாய்.

ரேகையை அவள் பார்த்தாளா, தெரியாது.
கட்டைவிரலை மடக்கிக்கொண்டேன்.
"ஊக்கு இருக்குதுங்களா?"
வளையலிலிருந்து ஒன்றைக் கழற்றித் தந்தாள்.
சுரண்டினேன், குத்தினேன், வாய்வைத்து ஊதினேன்;
மறுபக்கம் போன மூச்சு
என் உள்ளங்கையிலேயே வந்து பட்டது.

பதினெட்டு. பத்தொன்பது.
மேனேஜர் காயிலுக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருந்தார்.
இருபத்திரண்டில் வேம்பின் நிழல்
அவள் மடியில் ஏறி, முதுகு வழியாக இறங்கியது.
வண்டி நிற்கவில்லை.
அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னங்க கோளாறு?"
"மூடிதானுங்க" என்றேன். "யாரோ அடைச்சுட்டாங்க."

அடுத்த சுற்றில் எங்களைக் கடக்கையில்
இன்ஜினை அணைக்காமலே
சாமியாத்தாள் என் பக்கம் கையை நீட்டினாள்.

"என்ற ஊக்குங்க."